பட்டறை பதில்கள்: ஸ்பேர் வரும் வரை

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது பாதிக்கு மேல் ஒரே குறை: "வண்டி நிற்கிறது, ஸ்பேர் வரவில்லை." ஊரில் நாலு பேரிடம் மட்டுமே இருக்கும் பிராண்டு வண்டிகள்தான் எல்லாம். 1979-ல் பதினான்கு வயதில் கோவையில் ஒரு பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்தவன் நான். ஸ்பேருக்காகக் காத்திருக்கும் முகங்களை அன்று முதல் பார்த்து வருகிறேன். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஐயா, மூன்று வருடத்துக்கு முன் கடன் வாங்கி ஒரு வெளிநாட்டு பிராண்டு பைக் எடுத்தேன். கோவையில் இருந்த ஷோரூமை மூடிவிட்டார்கள். இப்போது பெங்களூருதான் போக வேண்டும். வாட்டர் பம்ப் சீல் போய், கூலன்ட் என்ஜின் ஆயிலில் கலந்துவிட்டது. ஐந்து மாதமாக வண்டி சர்வீஸ் சென்டரிலேயே நிற்கிறது. கேட்டால் "பேக் ஆர்டர்" என்கிறார்கள். இ.எம்.ஐ. மட்டும் மாதா மாதம் போகிறது. என்ன செய்வது?
– வாசகர், திருப்பூர்

தம்பி, முதலில் ஒரு வேலை. இதைப் படித்து முடித்ததும் சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டு, "அந்த ஆயிலை வடித்தீர்களா?" என்று கேளுங்கள். கூலன்ட் கலந்த ஆயில் பால் விட்ட டீ மாதிரி ஆகிவிடும். அதற்கு வழவழப்பு போய்விடும், அதில் தண்ணீரும் இருக்கிறது. அந்த ஆயிலோடு வண்டி மாதக் கணக்கில் நின்றால் கிராங்க் பேரிங்கிலும் கியரிலும் துரு ஏறும். ஐந்நூறு ரூபாய் சீலுக்காகக் காத்திருந்த வண்டி, கடைசியில் என்ஜினையே பிரிக்க வேண்டிய நிலைக்கு வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, விலை மலிந்த புது ஆயிலாவது ஊற்றி, என்ஜினைக் கையால் நாலு சுற்று சுற்றி வைக்கச் சொல்லுங்கள். வடித்ததை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்தது, "பேக் ஆர்டர்" என்ற சொல். கேட்டிருக்கிறோம், கையிருப்பு இல்லை, வரும்போது வரும் என்று அர்த்தம். அது ஒரு பதிலே ஆகாது. உங்கள் ஸ்பேர் வரும் வழியை நினைத்துப் பாருங்கள். டீலர் கம்பெனியின் இந்தியக் குடோனுக்குக் கேட்பார். அங்கே இருந்தால் ஒரு வாரத்தில் வந்துவிடும். இல்லாவிட்டால் குடோன் வெளிநாட்டுத் தலைமைக்குக் கேட்கும். அவர்கள் ஒரு சீலுக்காகக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். பத்துப் பதினைந்து ஊர்களின் கேட்பு சேர்ந்த பிறகுதான் பெட்டி கட்டுவார்கள். அப்புறம் கப்பல், துறைமுகம், சுங்கம். நிறைய விற்கிற வண்டி என்றால் கேட்பு தினமும் சேரும். உங்கள் வண்டி மாதிரி குறைவாக ஓடுகிற பிராண்டுக்குச் சேரவே மாதங்கள் ஆகும். டீலரும் ஆயில் ஃபில்டர், பிரேக் பேட், லீவர், கேபிள் மாதிரி வேகமாகப் போகிறதை மட்டுமே அலமாரியில் வைப்பார். வாட்டர் பம்ப் சீலை வாங்கி வைத்து இரண்டு வருடம் பணத்தை முடக்க எந்த டீலரும் துணிவதில்லை.

இது தெரிந்தால் என்ன கேட்பது என்பதும் தெரிந்துவிடும். உங்கள் ஸ்பேரை எந்த வகை ஆர்டரில் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். சாதாரண ஸ்டாக் ஆர்டர் என்று ஒன்று உண்டு. வண்டி ஓடாமல் நிற்கிறது என்று குறித்துப் போடுகிற வி.ஓ.ஆர். ஆர்டர் என்று இன்னொன்று உண்டு. இரண்டாவதை குடோனில் முன்னால் எடுத்துப் பார்ப்பார்கள், பல நேரம் விமானத்தில்கூட வரும். நிற்கிற வண்டிக்கு ஸ்டாக் ஆர்டர் போட்டுவிட்டு சும்மா இருக்கும் சர்வீஸ் அட்வைசர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். நாளுக்கு முப்பது ஜாப் கார்டு, அதாவது வேலைச் சீட்டு, பார்க்கிறவருக்கு உங்கள் வண்டி ஒரு வரிதான்.

இன்னொன்று பார்ட் நம்பர். கம்பெனிகள் ஒரு ஸ்பேரில் சின்ன மாற்றம் செய்தால் பழைய நம்பரை நிறுத்திவிட்டுப் புது நம்பர் கொடுப்பார்கள். டீலர் பழைய நம்பரிலேயே கேட்டுக்கொண்டிருந்தால், இனிமேல் உற்பத்தியே ஆகாத ஒன்றுக்காக நீங்கள் காத்திருக்கிறீர்கள். போன வருடம் ஒருவர் ஏழு மாதம் காத்திருந்தார். நம்பரைச் சரிபார்த்து புது நம்பரில் கேட்டதும் பன்னிரண்டாவது நாள் கையில் வந்தது. ஆகவே பார்ட் நம்பர், ஆர்டர் நம்பர், ஆர்டர் போட்ட தேதி மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். போனில் கேட்டால் போதாது, இ-மெயிலில் கேளுங்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரு நகல் போகட்டும்.

இப்போது பட்டறைக்காரன் பார்வையில் ஒன்று சொல்கிறேன். உங்கள் வண்டியின் டேங்கில் ஒரு பெயர் எழுதியிருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் அந்தக் கம்பெனியே செய்ததில்லை. பேரிங்கை ஒரு பேரிங் கம்பெனி செய்கிறது, சீலை ஒரு சீல் கம்பெனி. பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், ஓரத்தில் நம்பர் வெட்டியிருக்கும். 6204 என்றால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர். உலகத்தில் எங்கே வாங்கினாலும் இதே அளவுதான். ஆயில் சீலின் முகத்திலும் மூன்று எண்கள் அச்சாகியிருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். அந்த எண்களோடு கோவையிலோ சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ போய் நின்றால், நல்ல கம்பெனி சீலே கிடைக்க வாய்ப்பு உண்டு. செயின், ஸ்பார்க் பிளக், பிரேக் பேட் எல்லாம் இப்படித்தான். பேட் வாங்கும்போது வண்டியின் பெயரைவிட, பேடை டிஸ்க்கில் அழுத்துகிற காலிப்பரின் பெயர்தான் முக்கியம். பிரெம்போ என்ற பிரேக் கம்பெனியின் பைபிரே காலிப்பர் இந்தியாவில் எத்தனையோ வண்டிகளில் இருக்கிறது. பேடின் வடிவம் ஒன்றாக இருந்தால் ஒன்றுக்கு வந்தது மற்றதுக்கும் பொருந்தும்.

வாட்டர் பம்பில் இரண்டு சீல் இருக்கும். கூலன்ட் பக்கம் மெக்கானிக்கல் சீல், ஆயில் பக்கம் சாதாரண ஆயில் சீல். இரண்டுக்கும் நடுவில் கீழ்நோக்கி ஒரு சின்ன துளை விட்டிருப்பார்கள். ஒரு சீல் போனதும் அந்தத் துளை வழியாகச் சொட்டும். அது எச்சரிக்கை. துளையைச் சேறு அடைத்துவிட்டால் சொட்டு வெளியே தெரியாமல் உள்ளே போய்விடும். உங்களுக்கு அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆயில் சீலை அளவு பார்த்து வெளியே வாங்கலாம். மெக்கானிக்கல் சீலும் வேறு வண்டியுடையது பொருந்தலாம், ஆனால் உயரம், விட்டம் இரண்டையும் வெர்னியர் அளவுகோலில் அளந்தே ஆக வேண்டும். சீல் உட்காரும் ஷாஃப்டில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் ஷாஃப்டும் தேய்ந்திருக்கிறது, புது சீல் போட்டாலும் ஒழுகும். வாரண்டி இன்னும் இருக்கிறதென்றால் இதையெல்லாம் நீங்கள் வெளியே செய்யக் கூடாது. முடிந்துவிட்டது என்றால், வண்டியை லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவரத் தயங்காதீர்கள்.

எழுத்தில் கேட்டும் பதில் வரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அதன் பிறகும் நகரவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். டீலர் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் திருப்பூர் மாவட்டத்திலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடக் கெடு உண்டு, மறந்துவிடாதீர்கள். அங்கே பேசப்போவது நீங்கள் சேர்த்து வைத்த இ-மெயிலும் ஜாப் கார்டும்தான். கடன் வாங்கி வண்டி எடுத்த ஒரு பையனை ஐந்து மாதம் பஸ்ஸில் போக வைத்துவிட்டு, தேதிகூடச் சொல்லாமல் இருப்பது நியாயமே இல்லை. வண்டியை விற்கத் தெரிந்தவர்களுக்கு அதை ஓட வைக்கும் கடமையும் உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள்.

வணக்கம் அண்ணா. என் வண்டிக்கு முன் சக்கர ஆக்ஸில் கிடைக்கவில்லை. பழையதை மாதிரிக்குக் கொடுத்தால் அப்படியே செய்து தருகிறேன் என்கிறார் எங்கள் ஊர் லேத்காரர். போடலாமா?
– வாசகர், சேலம்

வேண்டாம் தம்பி.

காரணத்தைச் சொல்கிறேன். 1998-ல் ஒரு வாடிக்கையாளர் வெளிநாட்டு வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். முன் ஆக்ஸில் வளைந்திருந்தது. மூன்று மாதமாகத் தேடியும் கிடைக்கவில்லை. மனுஷன் தினமும் சாயங்காலம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு மனசு தாங்கவில்லை. பக்கத்து லேத்தில் கொடுத்துச் செய்தோம். அளவு நூலிழை பிசகவில்லை, மரை அவ்வளவு அழகாக விழுந்திருந்தது, பளபளவென்று இருந்தது. ஆனால் இரும்பு சாதாரண மைல்ட் ஸ்டீல். அன்று கையில் கிடைத்த கம்பி அதுதான். நாற்பது நாள் ஓடியது. பல்லடம் ரோட்டில் ஒரு குழியில் இறங்கி ஏறியபோது ஆக்ஸில் வளைந்து, சக்கரம் சாய்ந்து, அவர் விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. பின்னால் லாரி வரவில்லை என்பதால் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார். அந்த ஆக்ஸில் என் மேஜை டிராயரில் இருக்கிறது. புதுப் பையன் யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாள் அதைத்தான் கையில் கொடுப்பேன்.

லேத்தில் வராத அளவு கிடையாது, குறிப்பாக நம் கோவையில். ஆனால் ஆக்ஸிலுக்கு அளவு மட்டும் போதாது. என்ன இரும்பு, எப்படிச் சூடு காட்டிப் பதப்படுத்தியது என்பதில்தான் உயிர் இருக்கிறது. இ.என். 24 என்ற உறுதியான எஃகுக் கம்பி வாங்கி, முறையாக ஹீட் ட்ரீட்மென்ட் செய்து, அரைத்து முடித்துத் தரும் இடங்கள் உண்டு. அங்கேயும் இன்ன இரும்பு, இன்ன கடினம் என்று சோதனைச் சீட்டோடு கொடுத்தால்தான் நான் தொடுவேன். உங்கள் லேத்காரர் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

புஷ், ஸ்பேசர், ஃபுட்ரெஸ்ட் பின், ஸ்டாண்டு, சைலன்சர் பிராக்கெட் இதெல்லாம் தாராளமாகச் செய்து போடுங்கள். உடைந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். கேபிளை பழைய முனைகளை வைத்துப் புதுக் கம்பியில் கோத்துக் கொடுப்பார்கள், ஈயப்பற்று நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து வாங்குங்கள். பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டுவதும் பழைய தொழில்தான், நன்றாகச் செய்கிறவரிடம் கொடுத்தால் பயமில்லை. ஆக்ஸில், ஹேண்டில்பார் கிளாம்ப், பிரேக் டார்க் ஆர்ம் (பிரேக் தட்டு சுழலாமல் பிடிக்கும் கம்பி), ஃபோர்க் டியூப், பிரேக் ஹோஸ் இந்த ஐந்துக்கும் ஒரிஜினல் வரும் வரை வண்டி நிற்கட்டும். உங்கள் வீட்டில் யாராவது திட்டினால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

அப்பா 1989-ல் வாங்கிய யெஸ்டி ரோட்கிங் எங்களிடம் இருக்கிறது. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் வேகம் இறங்காமல் கத்துகிறது. "கம்பெனியே மூடிவிட்டது, ஸ்பேருக்கு எங்கே போவது? இரும்புக்குப் போடுங்கள்" என்கிறார் மெக்கானிக். அம்மா கொடுக்க மறுக்கிறார். வழி உண்டா?
– வாசகி, கரூர்

அம்மா சொல்வதுதான் சரி. வண்டியைக் கொடுக்காதீர்கள் கண்ணு.

கம்பெனி மூடியது உண்மை. மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் 1961-ல் ஜாவா வண்டி வர ஆரம்பித்தது. செக்கோஸ்லோவாகியாவின் ஜாவாவிடம் உரிமம் வாங்கிச் செய்தார்கள். எழுபதுகளில் யெஸ்டி என்று பெயர் மாறியது. ரோட்கிங் வந்தது 1978-ல். 1996-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. மூடி இத்தனை வருடம் ஆகியும் வண்டிகள் ஓடுகின்றனவே, எப்படி? ஓட்டியவர்கள் விடவில்லை. அவர்கள் விடாததால் ஸ்பேர் செய்கிறவர்களும் விடவில்லை. இன்று யெஸ்டிக்கு ஸ்பேர் கிடைப்பது, திருப்பூர் தம்பியின் மூன்று வருடப் புது வண்டிக்குக் கிடைப்பதைவிட எளிது. இதை நான் நன்றாக யோசித்தே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வண்டியின் நோய். இது டூ-ஸ்ட்ரோக் என்ஜின். பெட்ரோலும் காற்றும் கிராங்க் கேஸ், அதாவது கிராங்க் சுற்றுகிற அடி அறை, வழியாகத்தான் மேலே போகும். கிராங்கின் இரண்டு பக்கமும் சீல் இருக்கிறது. வலது பக்கம், அதாவது ஆல்டர்னேட்டர் பக்கச் சீல் காய்ந்து வெடித்தால் அங்கிருந்து வெறும் காற்று உள்ளே ஏறும். பெட்ரோல் விகிதம் குறையும், என்ஜின் கத்தும், சூடேறும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இடது பக்கம், கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகையாகத் தள்ளும், கியர் ஆயில் மாயமாகக் குறையும். நீங்கள் சொல்வது வலது பக்கம் போலத் தெரிகிறது. கார்பரேட்டர் அடியில் இருக்கும் கேஸ்கட் வழியாகக் காற்று போனாலும் இதே மாதிரி கத்தும், அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள், செலவு மிகக் குறைவு. ஆக்ஸிலரேட்டர் கேபிள் சிக்கியிருக்கிறதா என்று அதற்கும் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். சரியாகும் வரை ஸ்டார்ட் செய்து ஓட விடாதீர்கள்.

சீலை மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். பழைய சீலைக் குத்தி எடுக்கும் முன் அதன் முகத்தில் இருக்கும் எண்களை எழுதி வையுங்கள். கறுப்பு ரப்பரைவிட 'விட்டான்' என்ற ரப்பரில் செய்த பழுப்பு நிற சீல் கிடைத்தால் கூட நூறு ரூபாய் கொடுத்தாவது வாங்குங்கள், சூட்டைத் தாங்கும்.

யெஸ்டி ஸ்பேரில் இன்றைய பிரச்சினை தாமதமில்லை, தரம். சென்னை புதுப்பேட்டை, பெங்களூரு ஜே.சி. ரோடு, டெல்லி கரோல்பாக் மூன்று இடத்திலும் கிடைக்கும். தபாலிலும் அனுப்புகிறார்கள். ஆனால் ஒரே பெட்டியில் ஒரே பெயரில் வருகிற இரண்டு பிஸ்டன் இரண்டு விதமாக இருக்கும். என் கையில் எப்போதும் வெர்னியர் இருக்கும். ரிங் வாங்கினால் சிலிண்டருக்குள் நேராக இறக்கி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டில் பார்ப்பேன். ஸ்பார்க் வரவைக்கும் பாயின்ட் வாங்கினால் இரண்டு முனையும் முழு முகமாக ஒட்டுகிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பேன். இந்தப் பொறுமை உள்ள மெக்கானிக்கைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை. இரும்புக்குப் போடச் சொன்னவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இன்னொன்று. பழைய மைசூர் சாமான் தேய்ந்திருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். தேய்ந்த கியரில் இருக்கும் இரும்பு, இன்று வரும் புதுக் கியரில் இல்லாமல் போகலாம். கிக்கரும் கியர் லீவரும் ஒன்றேயான அந்த லீவரின் ஸ்ப்லைன், அதாவது பிடிக்கும் பல்வரி, தேய்ந்திருந்தால் அதைப் பற்றவைத்துத் திரும்ப வெட்டலாம். அப்பா ஏதாவது டப்பாவில் பழைய சாமான் போட்டு வைத்திருப்பார், தேடிப் பாருங்கள். அந்தக் காலத்து யெஸ்டிக்காரர்கள் எல்லோர் வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும்.

ஜூலை மாதம் இரண்டாவது ஞாயிறு ஜாவா-யெஸ்டி நாள். பல ஊர்களில் வண்டிக்காரர்கள் கூடுவார்கள். வண்டி ஓடாவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் போங்கள். எந்தக் கடை பிஸ்டன் நல்லது, எது பிடித்துக்கொள்கிறது என்று அங்கே ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஆர்.சி.யையும் பாருங்கள். பதினைந்து வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்பா பெயரில் இருந்தால் அம்மா பெயருக்கு மாற்றும் வேலையையும் சேர்த்தே முடித்துவிடுங்கள்.

ஊரில் யாரிடமும் இல்லாத பைக் வேண்டும் என்று ஆசை. வாங்கலாமா?
– வாசகர், மதுரை

வாங்கலாம். ஷோரூமில் விலை கேட்கும் முன் ஸ்பேர் கவுண்டருக்குப் போங்கள். கிளட்ச் கவர், ஹெட்லைட், ரேடியேட்டர் மூன்றும் இன்று ஆர்டர் போட்டால் எத்தனை நாள் என்று கேளுங்கள். கீழே விழுந்தால் முதலில் உடைவது இவைதான். கவுண்டரில் இருப்பவர் கம்ப்யூட்டரைப் பார்த்து நாள் சொன்னால் நல்லது. "வந்துவிடும் சார்" என்று மட்டும் சொன்னால் யோசியுங்கள்.

என்ஜின் வேறு எந்த வண்டியில் இருக்கிறது என்றும் பாருங்கள். பி.எம்.டபிள்யூ. ஜி 310 வண்டியை ஓசூரில் டி.வி.எஸ். செய்தது, அதே என்ஜின் குடும்பம்தான் அப்பாச்சி ஆர்.ஆர். 310-லும். ஹஸ்க்வர்னா வண்டிகள் பஜாஜின் சாக்கன் தொழிற்சாலையில் கே.டி.எம். வண்டிகளோடு சேர்ந்து வந்தன. இப்படி உறவுக்கார வண்டி ஒன்று ஊரில் நிறைய ஓடினால் என்ஜின் சாமானுக்குத் தவிக்க மாட்டீர்கள். வெளித் தகடும் பிளாஸ்டிக்கும் மட்டும் தனி.

வாங்கிய மறுமாதமே கிளட்ச் லீவர், பிரேக் லீவர், கேபிள், ஆயில் ஃபில்டர் இரண்டு, பேட் ஒரு செட் வாங்கி வீட்டில் வையுங்கள். ரப்பர் சாமான்களை வெயில் படாத இடத்தில், பையைப் பிரிக்காமல் வையுங்கள்.